மழைக்கு உருவி வைத்த பியூஸ்

புதிதாக எலக்ட்ரீஷியன் லைசென்ஸ் வாங்கி, கடைக்குப் போர்டு எழுதி மாட்டிவிட்டு, முதல் வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! இவனை எழுதச் சொன்னால் நல்ல வார்த்தையாக நாலு எழுதித் தருவான் என்று நம் சங்கத்துக்காரர்கள் நம்பிவிட்டார்கள். என்னிடம் நல்ல வார்த்தை அதிகம் இல்லை. ஆவடியில் கடை வைத்து எத்தனையோ வீடுகளுக்கு ஒயர் இழுத்தவன் நான். பாராட்டிய வீடுகள் எல்லாம் மறந்துபோய்விட்டன. வாசலில் நிறுத்தித் திட்டிய ஒரு வீடுதான் இன்றைக்கும் நினைவில் நிற்கிறது. அதைச் சொல்கிறேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசி அது. அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை நிரந்தரமானவர்கள் கம்பெனிக் கடனில் வீடு வாங்கத் தொடங்கியிருந்தார்கள். புது வீடு கட்ட முடியாதவர்கள் பழைய வீடாகப் பார்த்தார்கள். பழைய வீடு என்றால் கடன் கொடுக்கும் இடத்தில் ஒரு கேள்வி வரும்: ஒயரிங் எப்படி இருக்கிறது? லைசென்ஸ் உள்ள ஒருவர் சோதித்துப் பார்த்து, பாதுகாப்பாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்ட டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும். அதை வாங்கித் தர வேண்டியது விற்கிறவர் பாடு.

கையெழுத்துதானே என்று நினைத்தவர்கள் நம் தொழிலிலேயே நிறையப் பேர். கரையான்சாவடி டீக்கடை ஒன்றில் உட்கார்ந்தபடியே பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் இருந்த வீடுகளைச் சோதித்த புண்ணியவான் ஒருவர் இருந்தார். அவர் சுவரைத் தொட வேண்டாம், வீட்டைக்கூடப் பார்க்க வேண்டாம், டீ ஆறுவதற்குள் ரிப்போர்ட் கைக்கு வந்துவிடும். எனக்கு அவர் மேல் கோபம் உண்டு. ஆனால் அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒயரைச் சோதிக்கும் மெக்கர் கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிற யோக்கியர்களுக்காகத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் நானும் அப்படி ஒரு யோக்கியன்தான்.

ஒரு சித்திரை மாதத்தில் தனபாக்கியம் என்கிற அம்மா கடைக்கு வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. சேக்காட்டில் சொந்த வீடு. கணவர் ஏழுமலைக்கு இருதயத்தில் வால்வு பழுது. அறுவைச் சிகிச்சைக்குப் பட்டணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். வீட்டை விற்றால்தான் அது நடக்கும். வாங்குவதற்கு ஆளும் கிடைத்தாயிற்று. மிச்சம் இருந்தது என் கையெழுத்து ஒன்றுதான்.

"தம்பி, ஒரு எட்டு வந்து பாத்துட்டுக் கையெய்த்துப் போட்டுக் குடுத்துடு. உன்னியதான் நம்பிகினு கீறேன். நாள் தள்ளிப் போச்சுன்னா அந்த மன்சன் தாங்க மாட்டாரு."

மறுநாள் உச்சிவெயிலில் போனேன். முன்பக்கம் இரண்டு அறைகள், பழைய கட்டடம். பின்பக்கத்து அறை பிறகு சேர்த்துக் கட்டியது. ஏழுமலையின் அப்பா காலம் வரைக்கும் அந்தக் குடும்பம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். இவர்தான் முதன்முதலாகத் தொழிற்சாலைக்குள் போனவர், பிட்டர் வேலை. பின்னறையைக் கொத்தனாரோடு சேர்ந்து கல் தூக்கிக் கட்டியவரும், அதற்குத் தானே ஒயர் இழுத்தவரும் அவர்தான். முன்னறைக் கட்டிலில் தலையணைகளை அண்டக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும் என்றார்கள். பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

வீட்டை வாங்கப் போகிற சேகரும் அங்கே இருந்தார். இளம் வயது, நல்ல பையன். மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டி வந்திருந்தார். பின்னறை குளுகுளுவென்று இருந்ததால் அந்தப் பெண் குழந்தையை அங்கே சுவரோரம் ஒரு துணியை விரித்துத் தூங்க வைத்திருந்தாள். "இந்த ரூம்லதாங்க தூளி கட்டணும்" என்று கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை விழித்து அழவே, அவர்கள் சாயங்காலம் வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்கள்.

நான் மெயினை அணைத்துவிட்டுச் சோதித்தேன். அதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெக்கரின் கைப்பிடியைச் சுற்றினேன். மின்சாரம் சுவருக்குள் எங்கேயும் கசிகிறதா என்று காட்டும் முள் நல்ல பக்கமாகப் போய் நின்றது. முன்னறை நன்றாக இருந்தது, பின்னறை அதைவிட நன்றாக இருந்தது. ஒரு ஆள் தன் கையால் ஒயர் இழுத்த அறை இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஒரு குறையும் இல்லக்கா" என்று சொல்லிப் பேனாவை எடுத்தேன். தனபாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

அப்போதுதான் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"நைனா... சொவத்த நனைச்சிப் பாத்தியா?"

எனக்குப் புரியவில்லை. தனபாக்கியத்துக்குப் புரிந்துவிட்டது. "நீ சும்மா இருக்க மாட்ட? பேசாதேன்னு டாக்டரு சொன்னாரா இல்லியா?" என்று சீறினார்.

ஏழுமலை விடவில்லை. பின்னறைக்குப் போகும் வழியில், பியூஸ் போர்டுக்குப் பக்கத்தில், வெறுமனே ஒரு ஆணி அடித்திருந்ததைக் கையால் காட்டினார். "ஐப்பசி பொறந்து மொத மழ விய்ந்ததும் பின் ரூமு பியூஸ் கேரியர உருவி... அந்த ஆணில மாட்டிடுவேன். கார்த்திகை முடிஞ்சி சொவுரு காஞ்சப்புறம்தான் திரும்பப் போடுவேன். வருசா வருசம் அப்பிடித்தான். வேற யாரும் அத்தத் தொடக் கூடாது... நான்தான் உருவுவேன், நான்தான் போடுவேன்."

"ஏன் அண்ணாத்தே?"

"மழைல சொவுரு சுருக்குங்குது. ஒரு தபா இவ ஈரத்தோட சாஞ்சா. தூக்கிப் போட்டுடுச்சி."

உடனே மாடிக்கு ஏறிப் பார்த்தேன். பழைய கட்டடமும் பின்னறையும் சேர்கிற இடத்தில் ஒரு நீண்ட வெடிப்பு. அதற்கு நேர் கீழேதான் ஒயர் இறங்குகிறது என்று அவர் சொன்னார். குழாய் போடாமல், வெறும் ரப்பர் ஒயரைச் சுவருக்குள் வைத்துப் பூசியிருந்தார். அந்தக் காலத்தில் தன் வீட்டுக்குத் தானே ஒயர் இழுத்தவர்கள் பாதிப் பேர் செய்த வேலைதான் அது. பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் எடுத்து வந்து அந்த வெடிப்பில் ஊற்றினேன். கீழே சுவரில் ஈரம் இறங்கித் தெரியும் வரைக்கும் காத்திருந்து மறுபடி மெக்கரைச் சுற்றினேன். சற்று முன் அவ்வளவு கம்பீரமாகப் போய் நின்ற முள் சைபருக்குப் பக்கத்திலேயே கிடந்தது. குழந்தைக்கு விரித்த துணி அந்தச் சுவரோரத்தில் இன்னும் இருந்தது.

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். காய்ந்த சுவரில் நான் எடுத்த கணக்கு பொய் இல்லை. அதை வைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் என்னை யாரும் குற்றம் சொல்ல முடியாது. எதிரே ஒரு ஆளின் உயிர், கண் முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு பக்கம், வராத மழையில், நடக்காமலே போகக்கூடிய ஒரு விபத்து. நம் தொழிலில் தராசு எப்போதும் இப்படித்தான் சாய்ந்து நிற்கும். கண்ணுக்குத் தெரிகிற கஷ்டம் ஒரு தட்டில், தெரியாத ஆபத்து மறு தட்டில்.

தனபாக்கியம் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கணவரைப் பார்த்துத்தான் கேட்டார். "இத்தினி வருசம் நாம இந்த ஊட்ல தானே கீறோம்? இன்னா ஆச்சி நமக்கு? செத்தா பூட்டோம்?"

"எப்ப உருவணும்னு நமக்குத் தெரியும். அவங்களுக்கு யார் சொல்றது?"

"நான் சொல்றேன். மழ வந்தா உருவிடுங்கன்னு அந்தப் பொண்ணாண்ட சொல்லிட்டுப் போறேன். போதுமா?"

"மறந்துடுவா, பாக்கியம். கொயந்த வெச்சிகினு கீறவ... எத்தன்னு ஞாபகம் வெச்சிப்பா?"

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ சொல்லு. ஒரு குறையும் இல்லன்னு உன் வாயாலதான சொன்ன? இவரு வாயத் தொறக்காம இருந்தா போட்டிருப்ப இல்ல? அப்பிடியே நெனச்சிக்கோ. காதுல உயலன்னு நெனச்சிக்கோ."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த அம்மா கேட்டதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் என் மனைவி இருந்திருந்தால் அதையேதான் கேட்டிருப்பாள். ஆனால் காதில் விழுந்ததை விழாததாக ஆக்கிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. வருஷா வருஷம் ஒருவர் நினைவு வைத்து உருவினால்தான் ஆபத்தில்லை என்கிற வீட்டுக்கு, பாதுகாப்பானது என்று எழுதிக் கையெழுத்துப் போட முடியாது.

"பழைய ஒயரை எடுத்துட்டுப் புதுசா குழாய் போட்டு இழுத்துத் தரேன் அக்கா. மாசக் கடைசிக்குள்ள முடிச்சிடுவேன். வித்தப்புறம் கணக்குப் பாத்துக்கலாம்" என்றேன். ஏழுமலை கையெடுத்துக் கும்பிட்டார். தனபாக்கியம் உள்ளே போய்விட்டார்.

இதுவரைக்கும் நான் செய்தது சரி. இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். இதற்குப் பிறகு நடந்ததைக் கவனமாகப் படியுங்கள்.

மறுநாளே ஆட்களோடு போய்ப் பின்னறைச் சுவரை வெட்டினோம். வெட்ட வெட்ட வேலை முன்பக்கமாக நீண்டது. பின்னறைக்கு மின்சாரம் எடுக்க ஏழுமலை முன்னறைச் சுவருக்குள்ளேயே ஒயரை முறுக்கி இணைத்து, துணியைச் சுற்றி, மேலே சிமெண்டைப் பூசியிருந்தார். அதையும் எடுக்க வேண்டியதாயிற்று. தூசி பொறுக்காமல் ஏழுமலை இருமினார். கட்டிலை வாசல் பக்கமாக நகர்த்தி, ஈரத் துண்டை மூக்கில் வைத்துக்கொள்ளக் கொடுத்தோம். வீடு முழுக்கச் செங்கல் தெரிய, சுவரில் நீள நீளமாகக் காடிப் பள்ளம் வெட்டிக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்துச் சேகர் தன் அம்மாவுக்கு வீட்டைக் காட்ட அழைத்து வந்துவிட்டார். நாங்கள் யாரும் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிப் போனவருக்கு வர முடியாமல் போயிருந்தது. நானாவது அவர் வீட்டைத் தேடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். வேலையை முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"இன்னா சார் இது?" என்று சேகர் கேட்டார்.

நான் உண்மையைச் சொன்னேன். சொன்னதோடு நின்றிருக்கலாம். நான் எவ்வளவு ஒழுங்கானவன் என்று அவருக்கும் தெரியட்டும் என்றோ என்னவோ, சுவரிலிருந்து எடுத்த அந்தக் கருகிய ஒயர் முடிச்சைக் கையில் எடுத்துக் காட்டினேன். மழையில் சுவர் ஷாக் அடிக்கும் என்பதையும், குழந்தை படுத்திருந்த இடத்தையும் சேர்த்துச் சொன்னேன். இனி ஒரு பயமும் இல்லை, எல்லாம் புதிது என்று அதற்குப் பிறகு சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. சேகரின் அம்மா உடைந்த சுவரைப் பார்த்தார், வாசலில் மூச்சிழுத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனார்.

"வேணாண்டா சேகரு. சீக்காளி ஊடு, ஷாக் அடிக்கிற ஊடு. பச்சக் கொயந்தைய வெச்சிகினு இங்கியா குடி வர்றது? அண்ணனூர்ல பாத்தமே, அத்தயே முடி."

வாசலில்தான் சொன்னார். ஏழுமலைக்குக் கேட்டது, தெருவுக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அந்த வீட்டுக்குப் பெயரே மாறிவிட்டது. விலை கேட்டு வந்த இரண்டொருவரும் முக்குக் கடையில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள்.

சேகர் அண்ணனூரிலேயே வீடு வாங்கினார். அந்த வீட்டுக்கு டெஸ்ட் ரிப்போர்ட் கொடுத்தவர் நம் கரையான்சாவடி டீக்கடைப் புண்ணியவான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்தச் சுவருக்குள் என்ன இருந்ததோ, யாருக்குத் தெரியும்? அந்தக் குடும்பம் நன்றாகத்தான் இருந்தது. குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

சேக்காட்டு வேலையை நான் குறையில்லாமல் முடித்தேன். முன்னறை, பின்னறை எல்லாம் புது ஒயர், புதுக் குழாய். மாடி வெடிப்பையும் கொத்தனாரை வைத்து அடைத்தேன். டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனபோது, தனபாக்கியம் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"இத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது? உன் நாயத்த நீ காப்பாத்திகின. என் புருசன யாரு காப்பாத்துவா? போ தம்பி. இந்தப் பக்கம் வராத, உன்னப் பாத்தா வயிறு எரியுது."

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு வந்தது கடைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரி கொடுத்த நாள் போய்விட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருந்தார்கள். ஆவணி மாதத்தில் ஏழுமலை இறந்துபோனார். சாவுக்கு நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை. தெருமுனையில் நின்று பாடை கடந்து போவதைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

நீங்கள் கேட்பது எனக்குத் தெரிகிறது. கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? தெரியாது. வால்வு ஆபரேஷன் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் சரியாக அமைந்துவிடவில்லை. அந்தக் குழந்தைக்கு அந்தச் சுவரில் ஏதாவது ஆகியிருக்குமா? அதுவும் தெரியாது. நாம் தடுத்த விபத்தை நாம் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. கெட்ட பெயர் மட்டும் கண்ணெதிரே வந்து நிற்கும். மனத்தைத் தேற்றிக்கொள்ள வழி கேட்டு என்னிடம் வராதீர்கள், என்னிடம் அது இல்லை.

சொல்வதற்கு இரண்டு விஷயங்கள்தான் இருக்கின்றன. பழைய வீட்டுக்குப் போனால் மெக்கரைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்னால், "மழைக்காலத்தில் இந்த வீட்டில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். எந்த சுவிட்சைத் தொட மாட்டீர்கள், எந்தச் சுவரில் சாய மாட்டீர்கள், எதை உருவி வைப்பீர்கள் என்று கேளுங்கள். அந்த வீட்டில் இருப்பவர்கள் தங்களுக்கே தெரியாமல் ஒரு பழக்கத்தை வைத்து உயிரோடு இருப்பார்கள். சித்திரை வெயிலில் எடுத்த கணக்கை நம்பி நான் பேனாவை எடுத்துவிட்டேன் என்பதை மறக்காதீர்கள். நோயாளி ஒருவர் வாயைத் திறக்காவிட்டால் நான் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.

இன்னொன்று, சுவரை உடைப்பதற்கு முன்னால் வாங்குகிறவரை உட்கார வைத்துப் பேசுங்கள். உடைந்த சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு சொல்லும் எந்த உண்மையும் பயமாகத்தான் கேட்கும். நம் ஒழுக்கத்தைக் காட்டுவதற்குக் கருகிய முடிச்சைக் கையில் எடுத்து ஆட்ட வேண்டாம்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒயர் மாற்றிய வீட்டை முதல் மழையில் ஒரு தடவை போய்ச் சோதித்துவிட்டு வருவது என்று அந்த வருஷம்தான் பழக்கம் வைத்துக்கொண்டேன். வராதே என்று சொன்ன வீடு, இருந்தும் போகாமல் இருக்க முடியவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு, மெக்கரை நனையாமல் மாரோடு அணைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

தனபாக்கியம் திறந்தார். இளைத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "உள்ள வா, நனையாத" என்றார். அவ்வளவுதான்.

பின்னறை இருட்டாக இருந்தது. போர்டைப் பார்த்தேன். கேரியர் அதனிடத்தில் இல்லை. ஆணியில் மாட்டியிருந்தது.

"அக்கா, இப்ப இது தேவையே இல்ல. எல்லாம் புது ஒயர். வெடிப்பையும் அடைச்சாச்சி."

"தெரியும் தம்பி. நீதான போட்ட." தரையைப் பார்த்தபடி சொன்னார். "மழ வந்துச்சி. உருவ ஆளு இல்ல. நான் உருவிட்டேன்."

மெக்கரை வைத்துச் சோதித்தேன். வெளிச்சுவர் முழுக்க நனைந்து ஊறிக் கிடந்தது, ஆனாலும் முள் நல்ல பக்கமாகக் கடைசி வரைக்கும் போய் நின்றது. ஆணியிலிருந்து கேரியரை எடுத்துப் போர்டில் செருகினேன். பின்னறை சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது. மேலே மழை ஓங்கிப் பெய்துகொண்டிருந்தது. தனபாக்கியம் வாசற்படியில் நின்று அந்த அறையைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, முன்பு தன்னைத் தூக்கிப் போட்ட அந்தச் சுவரில் உள்ளங்கையைப் பதித்து, எடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"மழைல இந்த ரூமுல லைட்டு எரிஞ்சி நான் பாத்ததேயில்ல தம்பி" என்றார். பிறகு விளக்கைப் பார்த்தபடி, "அவரும் பாக்கல" என்றார்.

நான் மெக்கரை எடுத்து மூடினேன். தனபாக்கியமே சுவிட்சை அணைத்துவிட்டு முன்னறைக்குப் போய்விட்டார்.